புளித்த தீனியில் கோளாறா? வாளியையும் கோழியையும் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

வாளியின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைச் சுளித்தார். "என்ன சாமி, கோழிக்கு ஊறல் போட்டு வெச்சிருக்கியா?" அவர் கேட்டதில் தப்பில்லை. கம்பும் சோளமும் தண்ணீரில் ஊறிக் குமிழ் விடுவதைப் பார்த்தால் யாருக்கும் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியதோ நீராகாரத்திலும் இட்லி மாவிலும் இருக்கிற புளிப்பு. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் வேலை அது. வாளி தப்பாகப் போகிறது என்றால், இந்த பாக்டீரியாக்களுக்குப் பதில் வேறு யாரோ உள்ளே குடியேறிவிட்டார்கள் என்று பொருள். அது யார் என்று மூக்கும் கண்ணும் சொல்லிவிடும்.

நான் செய்யும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் இதை வைத்துத்தான். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் ஒரு கிலோ கம்பு, ஒரு கிலோ உடைத்த மக்காச்சோளம், அரை கிலோ சோளம். தானியத்துக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். மேலே மெல்லிய பருத்தித் துணி. காலையிலும் மாலையிலும் ஒரு கிளறு. வெயில் காலத்தில் ஒன்றரை நாள், மற்ற நாட்களில் இரண்டு நாள், மார்கழியில் மூன்று நாள். வடித்து எடுத்து, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொடுக்கும்போதுதான் கலப்பேன். அவற்றை வாளியிலேயே போட்டால் மிதந்து மேலே வந்து பூஞ்சைக்குப் படுக்கை விரித்த மாதிரி ஆகிவிடும்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அலுமினிய அண்டாவும் துத்தநாகம் பூசிய தகர வாளியும் வேண்டாம். அமிலம் உலோகத்தை அரிக்கும், துத்தநாகம் கோழிக்கு நஞ்சு. பிளாஸ்டிக், மண்பானை, எவர்சில்வர் மூன்றும் சரி.

இரண்டு நாளாகியும் குமிழே இல்லை, புளிக்கவும் இல்லை

பெரும்பாலும் தானியத்தில் பாக்டீரியாவே இல்லாததுதான் காரணம். இந்தப் பாக்டீரியாக்கள் நாம் ஊற்றுவதில்லை, தானியத்தின் தோலிலேயே ஒட்டிக்கொண்டு வருபவை. புழுங்கல் அரிசிக் குருணை நெல்லாக இருக்கும்போதே அவிந்தது. கடையில் வாங்கும் குச்சித் தீவனம் நீராவியில் வெந்தது. இவற்றை மட்டும் ஊறவைத்துவிட்டு ஏன் புளிக்கவில்லை என்றால் எப்படி? ஒரு கைப்பிடி பச்சைக் கம்பு சேருங்கள், அல்லது உப்புப் போடாத நீராகாரம் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். போன தடவை நன்றாகப் புளித்த வாளியில் வடித்த தண்ணீர் இருந்தால் அதுவே சிறந்த உறை. இட்லி மாவு வேண்டாம். அதில் உப்பு இருக்கும், கோழிக்கு உப்பு கொஞ்சம் கூடினாலே ஆகாது.

அடுத்த சந்தேகம் தண்ணீர். ப்ளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றினால் அது நல்லதையும் சேர்த்தே கொல்லும். ஒரு ராத்திரி வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றாது. முட்டைக்கோழித் தீவனத்தை, அதாவது லேயர் மாவை, அப்படியே புளிக்க வைப்பவர்களுக்கு உரியது இது. அந்தத் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் சேர்த்திருப்பார்கள். உண்டாகிற அமிலத்தை அது தின்றுகொண்டே இருக்கும். குமிழ்கூட வரும், ஆனால் புளிப்பு ஏறாமல் மந்தமாக நிற்கும். தானியத்தைத் தனியாகப் புளிக்க வைத்து, லேயர் மாவைக் கொடுக்கும் நேரத்தில் கலந்துகொள்வது நல்லது. கிளிஞ்சலையும் அதே காரணத்துக்காக வாளிக்குள் போடாதீர்கள்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் புளிப்பை எண்ணாகக் காட்டும் பிஹெச் காகிதம் கிடைக்கும், எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். 4.5க்குக் கீழே இறங்கியிருந்தால் வாளி பாதுகாப்பான பக்கம் வந்துவிட்டது. 4ஐ ஒட்டி நின்றால் அருமை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாளில் வாளிக்குள் நல்லதும் கெட்டதும் சேர்ந்தேதான் பெருகும். அமிலம் ஏறிய பிறகுதான் ஈ.கோலை, சால்மோனெல்லா வகையறாக்கள் அடங்கும். ஆகவே 12, 15 மணி நேரத்தில், லேசாகக் குமிழ் வந்ததுமே எடுத்துப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். அவசரமென்றால் ஆறேழு மணி நேரம் ஊறவைத்து வெறும் ஊறிய தானியமாகக் கொடுங்கள். இல்லையென்றால் புளிப்பு ஏறும்வரை காத்திருங்கள். நடுவில் கை வைக்காதீர்கள்.

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது

தட்டையாக, சுருக்கம் விழுந்த பால் ஏடு போல இருந்தால் அது ஈஸ்ட். காற்றுப் படும் இடத்தில் வருவது. தீங்கில்லை. கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றிக் கிளறுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஒரே உறையை ரொம்ப நாளாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். நான் நான்கைந்து தடவைக்கு ஒருமுறை வாளியைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பேன்.

பஞ்சு போல மயிர் விட்டுக்கொண்டு நின்றாலோ, பச்சை, கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறம் தெரிந்தாலோ அது பூஞ்சை. மேலாக எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் கொடுக்கலாமா என்று கேட்கவே கேட்காதீர்கள். முழு வாளியும் போக வேண்டும். குப்பைக்குழியில் கொட்டி மண் மூடுங்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைக்காதீர்கள். மாடு தின்றால் நஞ்சு பாலில் இறங்கும். பூஞ்சை வந்ததற்குக் காரணம் அநேகமாக தானியம் தண்ணீருக்கு வெளியே தலைநீட்டியிருந்ததுதான். உலர்ந்த தானியம் தண்ணீரைக் குடித்து ஊதும், முதல் ஆறு மணி நேரத்திலேயே நான்கு விரற்கடை இரண்டாகிவிடும். ராத்திரி போட்டால் படுக்கப் போகுமுன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வாளிக்கு வரும் முன்பே தானியத்தில் இருக்கும் பூஞ்சை. ஒரு ஐப்பசியில் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கினேன். கொட்டிப் பார்த்தபோது அங்கங்கே மணிகளின் முளைப்பக்கம் பச்சைப் பொடி. புளிக்க வைத்தால் அமிலத்தில் செத்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பூஞ்சை செத்திருக்கலாம். அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்படியேதான் இருக்கும். வேகவைத்தாலும் போகாது, இந்த இரண்டு நாள் புளிப்பை நம்பவும் கூடாது. மூன்று வாரத்தில் விடைக்கோழிகள் இரண்டு சோர்ந்து, கொண்டை வெளிறி, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் ஈரலைக் காட்டினார், மஞ்சள் பாரித்து நொறுங்கும்படி இருந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்தது. அங்கே குற்றவாளி பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. நம் கூரைக்கடியில் மழைக்காலம் முழுக்க மூட்டையில் கிடக்கிற அதே பொருள்தான். புண்ணாக்கைப் பிட்டு முகர்ந்து பாருங்கள், மக்கல் வாடை வந்தால் எருக்குழிக்குப் போகட்டும். வாத்து வளர்ப்பவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும், வாத்துக்கு இந்த நஞ்சு கொஞ்சம் போதும்.

விதைக்கென்று விற்கும் தானியத்தையும் தவிர்த்துவிடுங்கள். சாயம் பூசிய மாதிரி சிவப்பாக இருக்கும். அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பூசிய விஷ மருந்து.

வாடை மாறிவிட்டது

நல்ல வாளி முகர்ந்தால் வாயூற வேண்டும். பழைய சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி, மோர் புளித்த மாதிரி. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

கள் வாடை, ரொட்டி வாடை என்றால் ஈஸ்ட் மேலோங்கிவிட்டது. சீக்கிரம் புளிக்கட்டும் என்று வெல்லமோ கருப்பட்டியோ போட்டிருப்பீர்கள். போடாதீர்கள், தானியத்தில் இருக்கும் மாவே போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தானியத்தை ஒருமுறை அலசிக் கொடுக்கலாம், மோசமில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை உறையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

வினிகர் போல மூக்கில் ஏறினால் நாள் தள்ளிப்போய்விட்டது, காற்றும் நிறையப் பட்டிருக்கிறது. கெட்டதில்லை. கோழிதான் முகம் திருப்பும். புதிதாக ஊறிய தானியத்தில் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். நகப்பூச்சு வாடை வந்தாலும் ஈஸ்ட்டின் சேட்டைதான். லேசாக இருந்தால் அலசலாம், தலையைச் சுற்றுமளவுக்கு இருந்தால் நான் கொட்டிவிடுவேன்.

வாந்தி வாடை, அழுகின முட்டை வாடை, சாக்கடை வாடை, செத்த எலி வாடை. இவற்றில் எதுவானாலும் யோசிக்க வேண்டாம். அது அழுகல். புளிப்பு வராமல் அழுகல் முந்திக்கொண்டது. வாளியைக் கழுவாமல் திரும்பப் போட்டது, கருவாடு, மீன் கழிவு, சமைத்த மிச்சம் எதையாவது உள்ளே சேர்த்தது, அல்லது கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். தகரத்துக்கடியில் மே மாதம் வாளித் தண்ணீரே கையைச் சுடும். நாம் விரும்புகிற பாக்டீரியாக்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும், 40ஐத் தாண்டினால் பெரும்பாலானவை சுணங்கிவிடும். எங்கள் வீட்டில் வாளி தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான் இருக்கும். அம்மா குளிர்ந்த இடத்தில் தயிர்ப்பானை வைப்பது போல.

மூடியை இறுக்கி மூடிவைத்துவிட்டு, திறக்கும்போது 'டப்' என்று தெறித்தது என்றால் அது வெறும் காற்று. அடுத்த முறை துணி கட்டுங்கள்.

கொழகொழவென்று நூல் இழுக்கிறது

கேழ்வரகு மாவு, குருணை நொய், அரைத்த தீவனம் இவற்றில் இது சகஜம். புளிப்பு வாடை இருந்து கொழகொழப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். சில நல்ல பாக்டீரியாக்களே சர்க்கரையைப் பசையாக மாற்றும், இன்னும் அரை நாளில் பெரும்பாலும் தளர்ந்துவிடும். நூலும் இழுத்து, மூக்கில் சுருக்கென்று அமோனியா நெடியும் அடித்தால் கொட்டிவிடுங்கள். மாவுத் தீவனமாக இருந்தால் தண்ணீரைக் குறைத்து, பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் கலப்பது நல்லது. குஞ்சுகளுக்குக் கொழகொழப்பான தீனி வைக்கவே வேண்டாம். அலகிலும் காலிலும் ஒட்டி, நனைந்து, குளிரில் ஒடுங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டிய பிறகு, பொலபொலவென்று பிழிந்ததை மதிய வெயிலில் கொஞ்சம் வைத்துப் பழக்கலாம்.

கோழி கிட்டேயே வரவில்லை

முதல் வாரம் இப்படித்தான். கோழி புதிய எதையும் சந்தேகிக்கும். சேவல் வந்து கொத்தி 'கொக் கொக்' என்று கூப்பிடும்வரை பெட்டைகள் சுற்றிச் சுற்றி வரும். பழைய தீனியில் நாலில் ஒரு பங்கு கலந்து, காலையில் பஞ்சாரத்தைத் திறந்ததும் பசியோடு இருக்கும் வேளையில் வையுங்கள். பத்து நாளில் நீங்கள் வாளியைத் தொட்டாலே ஓடிவரும்.

நன்றாகத் தின்றுகொண்டிருந்த கோழிகள் திடீரென்று ஒதுக்கினால் அதை மதியுங்கள். வாளியை முகருங்கள். வாளி சரியாக இருந்தால் தட்டை முகருங்கள். நேற்றைய மிச்சம் ஓரத்தில் காய்ந்து, அதன்மேல் இன்றையதைக் கொட்டுவது நாம் எல்லாரும் செய்யும் சோம்பேறித்தனம்தான். ஈரத் தீனி வெயிலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் தின்று முடிக்கிற அளவுதான் வைக்க வேண்டும். நாள் முழுக்க வெளியில் மேய்கிற நாட்டுக்கோழிக்கு காய்ந்த எடையில் 40, 50 கிராம் போதும். அடைத்தே வளர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. ஊறியதும் எடை நன்றாகக் கூடிவிடும் என்பதால் ஈரத்தை அளந்துவிட்டு 'இவ்வளவு தின்கிறதே' என்று ஏமாறாதீர்கள்.

கழிச்சல்

இதற்குத்தான் பலர் புளித்த தீனியையே நிறுத்திவிடுகிறார்கள். எச்சத்தை ஒரு வாரம் கவனித்துப் பார்த்தால்தான் எது கழிச்சல் என்றே பிடிபடும். ஈரத் தீனிக்கு மாறியதும் எச்சம் கொஞ்சம் இளகும், மூன்று நான்கு நாளில் சரியாகும். எட்டு, பத்து எச்சத்துக்கு ஒன்று பழுப்பாக, கூழ் போல, நாற்றத்தோடு வரும். அது குருட்டுக்குடலில் இருந்து வருவது, எல்லாக் கோழிக்கும் உண்டு. கோழி சுறுசுறுப்பாக மேய்ந்து, கொண்டை சிவப்பாக இருந்தால் கவலை வேண்டாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறகைச் சிலுப்பிக்கொண்டு, தலை தொங்க ஓரமாக நின்றால் வாளியை மறந்துவிடுங்கள். அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கேட் என்று மருத்துவர்கள் சொல்வது. கழுத்து முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய உறுதி. தீனியை மாற்றி இதை நிறுத்த முடியாது, மருந்தும் கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான் காவல். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடைத் துறை பிப்ரவரியில் இதற்கென்றே இருவார முகாம் நடத்துகிறது, ஊருக்கு வரும்போது கோழிகளைக் காலையில் திறந்துவிடாமல் வைத்திருங்கள், பிடிப்பது சுலபம். நோயுற்றதைத் தனியாக அடைத்துவிட்டு மருந்தகத்துக்குப் போங்கள்.

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால், அதுவும் வளரும் குஞ்சுகளில் தெரிந்தால், ரத்தக்கழிச்சல். இதிலும் புளிப்பு குற்றவாளி இல்லை. ஆனால் நம் கை கொஞ்சம் இருக்கலாம். ஈரத் தீனியைக் கொட்டகைக்குள் வைத்து, சிந்தி, கீழே விரித்த உமி நனைந்து கிடந்தால், இந்த நோயின் முட்டைகள் அந்த ஈரத்தில்தான் வீரியம் பெறும். தட்டை வெளியே, மண் தரையில் வையுங்கள். நனைந்த உமியை அன்றன்றே வாரிவிடுங்கள்.

முழுத் தானியம் அப்படியே எச்சத்தில் வெளியே வந்தால் அரைவைப்பையில் கல் இல்லை. அடைத்து வளர்க்கும் கோழிக்கு ஒரு கிண்ணத்தில் பொடிச் சரளை வையுங்கள்.

தீனிப்பை காலையிலும் கனமாக இருக்கிறது

மாலையில் அடையும்போது கழுத்தடியில் தீனிப்பை உருண்டையாக இருப்பது அழகு. விடிந்ததும் தடவினால் காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய பலூன் போலத் ததும்பி, வாயில் புளித்த நெடி அடித்தால் அங்கே ஈஸ்ட் பெருகிவிட்டது. புளித்த தீனியால் வந்தது என்று சொல்வார்கள். பெரும்பாலும் நீளமான காய்ந்த புல், நைலான் நார், பிளாஸ்டிக் துண்டு ஏதாவது அடைத்துக்கொண்டதால் தீனி கீழே இறங்காமல் உள்ளேயே புளிப்பதுதான். அந்தக் கோழிக்கு ஒரு நாள் தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து வெளியேற்றுவதைச் சிலர் செய்கிறார்கள். மூச்சுக்குழாயில் ஏறி கையிலேயே செத்துவிடும், வேண்டாம்.

முட்டை குறைந்துவிட்டது

அடைக்குப் படுத்திருக்கிறதா, இறகு உதிர்க்கிறதா, மார்கழிப் பகல் குறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கணக்குப் பாருங்கள். மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதத்தை ஒட்டி, கம்பில் 11ஐ ஒட்டி. முட்டையிடும் கோழிக்கு 16ஆவது வேண்டும். புளிப்பு சத்தை எளிதாகச் செரிக்க வைக்கும், தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கொஞ்சம் திறந்துவிடும். இல்லாத புரதத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? லேயர் மாவை நிறுத்திவிட்டு வெறும் தானியத்தைப் புளிக்க வைத்துப் போட்டால் ஒரு மாதத்தில் முட்டை குறையத்தான் செய்யும். 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள கடலைப் புண்ணாக்கு, கரையான், அசோலா, இவற்றில் கையில் கிடைப்பதைச் சேருங்கள். பச்சை சோயாவை வாளியில் போட்டால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், அதில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது, வறுத்தோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்ட கோழி தானே வந்து கொத்தும்.

வாளியில் புழு

துணி கிழிந்திருக்கிறது அல்லது விளிம்பில் மாவு ஒட்டி ஈ உட்கார இடம் கிடைத்திருக்கிறது. பழ ஈ நாலைந்து மிதந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். வெள்ளைப் புழு நெளிந்தால் 'கோழிக்குப் புழு நல்லதுதானே' என்று தோன்றும். புளிப்பு நன்றாக ஏறிய வாளியில் ஈ முட்டையிட்டு அவ்வளவு எளிதில் தழைக்காது. புழு கொழுத்து வளர்கிறது என்றால் அங்கே ஏதோ அழுகுகிறது. அழுகலில் வளர்ந்த புழுவைத் தின்று கழுத்து துவண்டு தரையில் கிடந்த கோழியைப் பார்த்திருக்கிறேன். போட்டுலிசம் என்றார் மருத்துவர், அழுகலில் உண்டாகும் பாக்டீரியா நஞ்சால் வரும் வாதம். அந்த வாளியும் குழிக்குத்தான்.

நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால்

பாதி வாளி அப்படியே இருக்கும். மேலே கனத்த ஏடு, உள்ளே மூக்கைத் துளைக்கும் புளிப்பு. ஏட்டை வழித்து எடுத்து நிறம் ஏதும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இல்லையென்றால் தானியம் கோழிக்கு ஆகும், தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள். தென்னை மரத்தடியில் ஒரே இடத்தில் ஊற்றாமல் பரவலாக ஊற்றுங்கள். கிளம்பும் முன்பே தெரிந்தால் வாளியே போடாமல் நாலு நாளுக்கும் காய்ந்த தீனியை அளந்து பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அக்கா கோழிக்குத் தீனி போடுவார், வாளியைத் திறக்கச் சொன்னால்தான் மாட்டார்.